எதிர்வீட்டுச் சீரியல் செட்

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மரகதம் இன்று எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரை இரவல் கேட்டு வந்தாள். இரண்டு நாளைக்கு மட்டும் போதுமாம்.

அவள் மகள் சுபாஷினிக்கு முப்பதாம் தேதி கல்யாணம். காலையில் இலஞ்சிக் கோயிலில் தாலி கட்டு. சாயங்கால ரிசப்ஷனுக்கு மண்டபம் வேண்டாம், நம் முற்றத்திலேயே வைக்க வேண்டும் என்று சுபா ஒற்றைக் காலில் நிற்கிறாள். போனில் ஏதோ படம் பார்த்திருக்கிறாள். திறந்த வெளியில், தலைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மஞ்சள் சீரியல் லைட்டாகத் தொங்குகிறது, கீழே மேஜை போட்டுச் சாப்பிடுகிறார்கள். அதே மாதிரி வேண்டுமாம். அவர்கள் மாடியிலிருந்து எங்கள் மாடிக்குக் கயிறு கட்டினால்தான் அது நடக்கும்.

"ஒங்க செவுரு இல்லாம ஒண்ணும் ஆவாதுக்கா" என்றாள் மரகதம், சிரித்துக்கொண்டே. அவள் எதையும் சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். இல்லை என்று சொல்லவே விடமாட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என் மாமனார் இரண்டு மகன்களுக்கும் எதிரெதிரே ஒரே பிளானில் இரண்டு வீடு கட்டினார். ஒரே கொத்தனார், ஒரே கிரில், ஒரே பச்சைப் பெயிண்ட், நடுவில் பொது முற்றம். மூத்தவர் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். இளையவர் குற்றாலிங்கம், மரகதத்தின் வீட்டுக்காரர். முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் தப்பான வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இருபத்தெட்டு வருடமாக மரகதமும் நானும் ஆட்களை அங்கேயும் இங்கேயும் கைகாட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது வித்தியாசம் வந்துவிட்டது. அது கல்யாண வீடு, இது வெறும் வீடு.

ஆகஸ்ட் 17, திங்கள்

இட்லிக்கு அரைத்தேன். ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன். சுவர் விஷயமாக மரகதத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, புதன்

என்னைக் கேட்காமலே இவர் தம்பியிடம் "தாராளமா கட்டுங்கடே" என்று சொல்லிவிட்டார். வீட்டில் எனக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

மத்தியானம் மரகதம் மறுபடி வந்தாள். இந்தமுறை சுவர் இல்லை, பூரணி.

"அக்கா, நான் பூரணியக் கூப்பிட்டேன். கோச்சுக்கிடாதீய."

பூரணி என் மகள், ஒரே மகள். கோயம்புத்தூரில் கூட வேலை பார்த்த இமானுவேல் என்கிற, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனை ரெஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. கட்டிய மறுநாள் இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாக இங்கே வந்தார்கள். கதவு திறக்கவில்லை. போய்விட்டார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்கே தெரியும்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், வாய் கேட்டுவிட்டது.

"'அம்மா கூப்பிட்டா வாரேன் சித்தி, இல்லன்னா வேண்டாம்'னுட்டா. ஒரு வார்த்தைக்கா. 'வா'ன்னு ஒரே ஒரு வார்த்தை. நான் வேணா நம்பரப் போட்டுத் தாரேன்."

என் மகளின் நம்பரை எனக்கு இவள் போட்டுத் தருகிறாளாம். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மரகதத்துக்குப் போன் வரும். மாடிக்குப் போய் நின்று பேசுவாள், வீட்டுக்குள் டவர் கிடைக்காதாம். அவள் சிரிப்புச் சத்தம் கேட்டதும் நானும் துணி காயப்போட மாடிக்குப் போவேன். ஒட்டுக்கேட்பதற்காக இல்லை. பதினோரு மணி வெயில்தான் துணிக்கு நல்லது.

இன்றைக்கு இப்படிக் கேட்டது: "மொதப் பால கொதிக்க விடாத ட்டி, தெரிஞ்சி போயிரும். எறக்கி வச்சப் பொறவு ஊத்து. இஞ்சிப் பச்சடி வச்சியா?"

சொதிக்குப் பக்குவம் சொல்கிறாள்! மரகதம் கல்யாணமாகி வந்த புதிதில் சொதி என்று ஒன்று வைத்தாள். மூன்று தேங்காய்ப் பாலையும் ஒன்றாக ஊற்றி, வாயில் வைக்க முடியவில்லை. முதல் பாலைக் கடைசியில், இறக்கி வைத்த பிறகு ஊற்ற வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். என் பக்குவம் எதிர்வீட்டு மாடி வழியாகக் கோயம்புத்தூர் போய் என் மகள் அடுப்பில் வேகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

வயிறு எரிந்தது. எழுதுவதற்கென்ன, எரிந்தது. ஒரே வேட்டியை மூன்று தடவை உதறிப் போட்டேன்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

மரகதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுபா வந்து, "பெரியம்மா, இந்த ரெண்டு புடவையில எது நல்லாருக்கு?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. அரக்குதான் நன்றாக இருந்தது, பச்சை என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு மனசு கேட்கவில்லை, கூப்பிட்டு அரக்கு என்று மாற்றிச் சொன்னேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு மரகதம் வீட்டார் எல்லோரும் ஜாக்கெட் வாங்கவும் மற்ற சாமான் வாங்கவும் திருநெல்வேலி போய்விட்டார்கள். இவரும் கூடப் போனார். பதினொன்றரைக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ரேடியோ செட்டுக்காரர். பாவூர்சத்திரத்து ஆள், பெயர் முப்பிடாதி, நாற்பது வயது இருக்கும். இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. நான் வாசலில் வாளியோடு நின்றேன்.

"அக்கா, கல்யாண வீடு இதானே?"

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கேட்டார், சொன்னேன். ஒரு நிமிடம் கழித்து, "இல்லப்பா, எதிர்வீடு" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் ஏணியைச் சாத்திவிட்டார்.

நல்ல வேலைக்காரர். மாடி விளிம்பில் நீளத்துக்கு ஒரு சவுக்குக் கம்பைப் படுக்கவைத்துக் கட்டினார். அதிலிருந்து சாண் இடைவெளிக்கு ஒரு சரமாகச் சீரியலை அவிழ்த்து விட்டுக்கொண்டே போனார். ஆவணிக் காற்று சரங்களை அள்ளி ஒன்றோடு ஒன்று பின்னிவிட்டது. கீழே இறங்கி வந்து ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்து, அடி முனையை எல்லாம் ஒரே கயிற்றில் வரிசையாக முடிந்து, கயிற்றின் இரண்டு நுனியிலும் செங்கல் கட்டினார். நான் மோர் கொடுத்தேன். செங்கல்லும் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். முற்றத்துக்குக் குறுக்கே கட்டுகிற சரங்களைச் சனிக்கிழமை வந்து போடுவதாகச் சொன்னார்.

ஐந்தரைக்கு, "சுச்ச போடுங்கக்கா" என்றார். போட்டேன்.

வாசலுக்கு ஓடி வந்து பார்த்தேன். மாடியிலிருந்து தரை வரை மஞ்சளாக இறங்கி நின்றது. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதை இப்படிப் பார்த்ததில்லை. முற்றத்தில் செருப்பில்லாமல் நின்று, அழுதேன் என்று நினைக்கிறேன். முப்பிடாதி, "மகளுக்காக்கா கல்யாணம்?" என்று கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

ஆறேகாலுக்கு அவர்கள் கார் வந்தது. சுபாதான் முதலில் இறங்கினாள். பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. "இது நம்ம செட்டுல்லாம்மா" என்றாள். குற்றாலிங்கம் முப்பிடாதிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். அந்த ஆள் அதற்குள் அம்பாசமுத்திரத்தில் இன்னொரு கல்யாண வீட்டில் இருந்தார். முகூர்த்த நாள் என்பதால், முற்றத்துக்கு எடுத்து வைத்தது போகக் கடையில் ஒரு சரம்கூட மிச்சமில்லையாம், வேண்டுமானால் நாளைக்கு வந்து இதைக் கழற்றி அங்கே மாற்றுகிறேன் என்றாராம்.

மரகதம் காரிலிருந்து இறங்கி வந்தாள். சீரியலைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டட்டும், திட்டினால் நானும் நாலு வார்த்தை கேட்டுவிடுவேன் என்று தயாராக நின்றேன்.

"கல்யாணத்துக்குன்னு போட்ட சீரியல முன்கூட்டி கழத்தக் கூடாது. இருக்கட்டும். அதுவும் நம்ம வீடுதான்" என்றாள்.

கையில் இருந்த பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 28, வெள்ளி

காலையிலிருந்து என் வீட்டு வாசலில்தான் கூட்டம். வாழைமரக்காரர் இங்கே வந்து இறக்கினார். பால்காரர் வாழ்த்திவிட்டுப் போனார். எல்லோரையும் எதிர்ப்பக்கம் கைகாட்டினேன்.

பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரரின் பெரியத்தை சங்கரன்கோவிலிலிருந்து வந்தாள். கண் சரியில்லை, ஆனால் சீரியல் தெரிந்திருக்கிறது. நேரே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசு மாறிட்டியே செண்பகம், நல்லா இருப்ப. பூரணியக் கூட்டிட்டு வந்து ஊரறிய வைக்கியா? எங்க அவ? மாப்பிள்ள எங்க?"

எதிர்வீட்டில் சுபாவுக்கு என்று சொன்னேன். "அப்பம் இங்க எதுக்கு லைட்டு?" என்று கேட்டாள். கிழவி எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள். இந்த லைட்டு எனக்குப் பெருமை தரும் என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் இவர் சட்டையைக் கழற்றாமலே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"முப்பிடாதிகிட்ட நீதான கல்யாண வீடுன்னு சொன்ன?"

"தப்பா வெளங்கிக்கிட்டான்."

"அவனச் சொல்லுத. அன்னைக்கு என்னயச் சொன்ன."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். இவர் விடவில்லை. கத்தவும் இல்லை, கத்தினால் பரவாயில்லை.

"சாவியக் கையில வச்சிக்கிட்டு நான் கதவுகிட்ட நின்னேன். எம்மகா வெளிய நின்னு அப்பா அப்பாங்கா. நீ எங்கையப் பிடிச்சிக்கிட்ட. மறுநாளு எல்லார்ட்டயும் அவுஹ ஒத்துக்கிடலன்னு சொன்ன. சரி, நானே கெட்டவனா இருந்துட்டுப் போறேன்னு இருந்தேன். எத்தன வருசம்டீ இருக்கது? ஜன்னலு தெறந்துதான் கெடந்துச்சு. எதுத்தாப்ல மரகதம் அம்புட்டையும் பாத்துக்கிட்டுதான் நின்னா."

மரகதம் பார்த்தது எனக்குத் தெரியாது. அப்படியானால் பூரணிக்கும் எப்போதோ போயிருக்கும். வாராவாரம் பேசுகிறவளுக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

கையைப் பிடித்தது உண்மைதான். இதை எழுதத்தான் இவ்வளவு பக்கம் ஆனது.

ஆகஸ்ட் 29, சனி

முப்பிடாதி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்துக்குக் குறுக்கே பதினாலு கயிறு, ஒவ்வொன்றிலும் ஒரு சரம். அவர் நடுவில் ஏணியில். எங்கள் மாடியில் முனையைப் பிடிக்க ஆளில்லை என்று நான் போனேன். எதிர் மாடியில் மரகதம்.

"இன்னும் கொஞ்சம் இழுங்கக்கா, நடுவுல தொங்குது" என்று கத்தினாள். இழுத்தேன். "ரொம்ப இழுத்தா காத்துல அறுந்துரும்" என்றார் முப்பிடாதி. விட்டேன். பதினாலு கயிறுக்கும் இதேதான். அவள் இழுத்தால் நான் விட வேண்டும், நான் இழுத்தால் அவள் விட வேண்டும்.

கடைசிக் கயிற்றில் அவள் சொன்னாள். "பூரணிட்ட ஒங்க வீட்டுல சீரியல் போட்டிருக்கத சொன்னேன். போட்டோவும் அனுப்பிருக்கேன்."

"வேற என்ன சொன்ன?"

கேட்காதது மாதிரி முடிச்சுப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

போனை எடுத்தேன். நம்பர் எனக்கு மனப்பாடம், யாரும் போட்டுத் தர வேண்டியதில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வது? அப்பா மனசு மாறிவிட்டார் என்றா? வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

இலஞ்சிக்குப் போய்த் தாலி கட்டுப் பார்த்து, மத்தியானம் திரும்பினோம். சுபா அரக்குப் புடவைதான் கட்டியிருந்தாள். இரண்டு ஜமுக்காளம் எதிர்வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 31, திங்கள்

நேற்று ஆறு மணிக்குச் சீரியலைப் போட்டார்கள். பதினாலு சரமும் என் வீட்டு முகப்பும் ஒரே நேரத்தில் எரிந்தன. சாப்பாட்டு மேஜையிலிருந்தவர்கள் எல்லோரும் ஓ என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் என் வீட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மரகதத்தின் வீட்டு முகப்பில் இரண்டு டியூப் லைட்டும் வாழைமரமும்தான். அவள் அந்த இரண்டு டியூப் லைட்டுக்குக் கீழே நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு ஆட்டோவிலிருந்து பூரணி இறங்கினாள்.

இளைத்திருக்கிறாள். கூட இமானுவேல், கையில் ஒரே ஒரு பை. இரண்டு பேரும் நேரே எதிர்வீட்டுக்குப் போனார்கள். மரகதம் அவளைக் கட்டிக்கொண்டாள். நெற்றியைத் தடவினாள், பையை வாங்கி உள்ளே வைத்தாள். நான் என் வாசலில் பதித்த கல் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மரகதத்துக்கு என்ன வந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அப்படித்தான் இருந்தது, மறைக்கவில்லை.

பிறகு பூரணி முற்றத்தைத் தாண்டித் தனியாக வந்தாள். படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள்.

"எனக்காம்மா இந்த லைட்டு?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. மேலே ஏறி வந்துவிடுவாள். மரகதமும் அப்படித்தான் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள், எனக்காக ஒரு பொய் சொல்லியிருப்பாள். அவள் கொடுத்த பொய்யை வாங்கிக்கொண்டு என் மகளை நான் கூப்பிட வேண்டுமா என்று ஒரு வீம்பு வந்தது. வீம்பில்தான் உண்மையைச் சொன்னேன்.

"இல்ல. அவங்க வீட்டுக்கு வந்தது. கல்யாண வீடு இதானேன்னு கேட்டான், ஆமான்னு சொல்லிட்டேன். வயித்தெரிச்சல்ல."

பூரணி சிரித்துவிட்டாள். "தெரியும். சித்தி சொல்லிட்டாவ. 'ஒங்கம்மா சீரியலக் களவாண்டு தன் வீட்டுல மாட்டிக்கிட்டா ட்டி. மனசுல இம்புட்டு ஆசைய வச்சிக்கிட்டு ஒரு போன் போட மாட்டேங்கா. நீயே கெளம்பி வா'ன்னாவ. அப்படியே ஒன்னய நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சும்மா. டிக்கெட் போட்டுட்டேன்."

பொய்யே சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியே கூப்பிட்டிருக்கிறாள்.

"அப்பா என்ன சொல்லுவாவளோன்னுதான் பயமா இருக்கு" என்றாள் பூரணி. "அன்னைக்குக் கதவத் தெறக்கல்ல."

நான் அவளையே பார்த்தேன். "சித்தி ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"எத்தன தடவ கேட்டிருக்கேன். நான் அன்னைக்கு வீட்டுலயே இல்லன்னுட்டாவ."

மரகதம் சொல்லவே இல்லை. இரண்டு வருடம் நாலு மாதம். என்னை ஒரே வார்த்தையில் தீர்த்துவிடக்கூடியதை வாயில் வைத்துக்கொண்டு வாராவாரம் அவளோடு சொதியும் பச்சடியும் பேசியிருக்கிறாள். நான் அந்த இடத்தில் இருந்தால் முதல் ஞாயிறே சொல்லியிருப்பேன்.

"அப்பா இல்ல பூரணி. அவுஹ சாவியோட வந்தாவ. கையப் பிடிச்சு நிப்பாட்டுனது நான்."

சிரிப்பு நின்றது. ஒரு அடி பின்னால் போனாள். திரும்பி, மேஜைகளுக்கு நடுவே நடந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனாள். இவர் ஜக்கைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் அழுததை முற்றமே பார்த்தது. அப்பாவும் மகளும் மருமகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என்னை அவள் கூப்பிடவில்லை. ராத்திரி சித்தி வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

இன்று காலை ஏழு மணிக்கு முப்பிடாதி வந்து ஏணியைச் சாத்தினார். மேலிருந்து அவர் அவிழ்த்துவிட்ட சரங்களைக் கீழே சுருட்ட மரகதம் வந்தாள். நானும் போனேன். பூரணி உள்ளே தூங்குகிறாள், நாளைக்குத்தான் ஊருக்குப் போகிறாள் என்றாள். இரண்டு பேரும் முற்றத்துத் தரையில் உட்கார்ந்து வயரை முழங்கையில் சுற்றினோம்.

நாலு சரம் சுற்றிய பிறகு சொன்னேன். "மரகதம், ஒன்னயப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. இன்னைக்கு நேத்து இல்ல. எம்மக ஒங்கிட்டப் பேசுதா, ஒங்கிட்டச் சிரிக்கா, ஒங்க வீட்டுல படுக்கா. எனக்குத் தாங்கல."

திட்டுவாள், அல்லது வழக்கம்போலச் சிரித்து மழுப்புவாள் என்று நினைத்தேன். வயரை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"எனக்கு மட்டும் இல்லியாக்கா? ரெண்டு வருசமா வெயில்ல நின்னு அவகூடப் பேசுதேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, சித்தி நீங்க எப்படி இருக்கீயன்னு மொதல்ல கேட்டிருப்பாளா? போன எடுத்ததும் 'அம்மா எப்படி இருக்கா'தான். அதுக்குப் பொறவுதான் மத்தது எல்லாம்."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும்."

நான் அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.